ராணிமாரின் தொப்பியும் எமது தலையும்

2022 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. இரண்டாம் எலிசபெத் மகாராணியின் இறுதிக் கிரியைகளை முன்னிட்டு இலங்கை அரசாங்கமும் விடுமுறை கொடுத்திருந்தது. அந்த நாட்களில் கரன்ட் எப்ப வரும், எப்ப போகும் என்று பட்டியல் பார்த்துத்தான் சோறே சமைப்போம். அன்று பின்னேரம் மூன்றரைக்கு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் கிரியை தொடங்கியபோது தலவாக்கலையில் கரன்ட் இருந்தது. டீவியின் முன்னால் நானும் மகளும் இருந்தோம்.

பெட்டிக்குப் பின்னால் ராஜ குடும்பம் நடந்துவருகிறது. ஆண்கள் எல்லோரும் வெறுந்தலை. பெண்கள் எல்லோரும் தலையை மூடியிருக்கிறார்கள். புதிய ராணி கமிலாவின் கறுப்புத் தொப்பியிலிருந்து முகத்தின் மேல் மெல்லிய வலை இறங்குகிறது. இளவரசி கேட்டுக்கும் அப்படித்தான். ஏழு வயதுச் சார்லட்டின் தலையிலும் அகல விளிம்புக் கறுப்புத் தொப்பி. மகள் என் பக்கம் திரும்பினாள்.

"உம்மா, இவங்க முகத்த மூடிக்கிட்டு ஈக்கிறாங்களே. இவங்களுக்கு யாரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்களா?"

சிறுபிள்ளைக் கேள்வி என்று தள்ளிவிட முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 2019 ஏப்ரல் 29 முதல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடுவது இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது. எங்கள் குடும்பத்தில் ஒரு மாமி முப்பது வருடமாக நிகாப் போட்டவர். அந்த ஓகஸ்ட் வரை அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அவசரகாலச் சட்டம் காலாவதியான பிறகும், பஸ்ஸில் ஏறினால் பத்துக் கண் திரும்பிப் பார்க்கும் என்று பயந்து, ஆஸ்பத்திரிக்குக்கூட ஆட்டோ பிடித்துத்தான் போனார். மகளுக்கு அதெல்லாம் ஞாபகம் இருந்தது. அதனால்தான் கேட்டாள்.

அன்றிலிருந்து ராணிமாரின் தொப்பியைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தமிழ் படித்த எனக்கு இதில் என்ன வேலை என்று சக ஆசிரியை ஒருவர் சிரித்தார். படிக்கப் படிக்க அந்தத் தொப்பிகளின் பாதை எமது சமூகத்தின் வரலாற்றுக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

முதலில் அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் புனித பவுல், ஆண் தலையை மூடாமலும் பெண் தலையை மூடியும் தொழ வேண்டும் என்ற விதியைச் சொல்கிறார். ஐரோப்பியக் கிறிஸ்தவ உலகம் நெடுங்காலம் அதைப் பேணியது. தேவாலயத்துக்குள் போகும் ஆண் தொப்பியைக் கழற்றுவான், பெண் தலையை மூடுவாள். தேவாலயத்து ஒழுங்கு அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் வீதிக்கும் பரவியது. பெரியவர் முன்னால் ஆண் தொப்பியைக் கையில் எடுப்பது மரியாதை. பெண் தொப்பியோடு நிற்பது மரியாதை. ஐரோப்பிய நாகரிகத்தின் உச்சம் என்று நாம் நினைக்கும் ராணியின் தொப்பிக்கு அடியில் இருப்பது முக்காட்டு விதிதான். பிற்காலத்தில் சாதாரண ஆங்கிலப் பெண்கள் அதை விட்டுவிட்டார்கள். அரண்மனைப் பெண்கள் விடவில்லை. பகலில் வெளியே வந்தால் தொப்பி, இரவு விருந்தென்றால் வைர மகுடம் என்பது அவர்களுடைய கணக்கு.

கீழைத்தேய மரியாதை இதற்கு நேர் எதிரானது. எமக்கும் சீக்கியருக்கும் இந்துக்களில் பலருக்கும், ஆண் பெரிய சபையில் தலையை மூடி நிற்பதுதான் கண்ணியம். கழற்ற வேண்டியது செருப்பு. இந்த இரண்டு மரியாதையும் ஒரே அறையில் சந்தித்தால் யாருடைய மரியாதை செல்லுபடியாகும் என்ற கேள்வி வரும். காலனித்துவ காலத்தில் அது அடிக்கடி வந்தது.

விக்டோரியா மகாராணியிடமிருந்து தொடங்கலாம். 1887 ஜூனில் அவருடைய ஆட்சியின் பொன்விழா. வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனைக்கு கிரீடம் வைத்து வரும்படி குடும்பமும் மந்திரிமாரும் கேட்டார்கள். கணவர் அல்பர்ட் இறந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் விதவைக் கோலத்தை விடாத அந்த அம்மா மறுத்துவிட்டார். நாடாவால் கட்டும் பொனெட் தொப்பியைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். உலகத்தில் கால்வாசியை ஆண்டவர், தலைக்கு எது என்பதைத் தானே தீர்மானித்தார்.

அதே மாதம் ஆக்ராவிலிருந்து அப்துல் கரீம் என்ற இளைஞர் அரண்மனை வேலைக்கு வந்து சேர்ந்தார். விரைவிலேயே ராணிக்கு உருது கற்பிக்கும் முன்ஷியானார். அவர்கள் இருவரும் இருக்கும் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ராணி மேசையருகே இருக்கிறார், தலையில் வெள்ளைத் துணித் தொப்பி. பக்கத்தில் முன்ஷி நிற்கிறார், தலையில் தலைப்பாகை. ராணிக்கு முன்னால் நிற்கிறாயே, தலைப்பாகையைக் கழற்று என்று அவரிடம் ராணி சொல்லவில்லை. அரண்மனையில் பலருக்கு அவரைக் கண்டால் ஆகாது. 1901 ஜனவரியில் ராணி காலமானதும் மகன் ஏழாம் எட்வர்ட் முன்ஷியிடமிருந்த ராணியின் கடிதங்களை எரிக்கச் செய்து, அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார். இந்த முன்ஷிக்கு ரபியுத்தீன் அஹ்மத் என்றொரு நண்பர் இருந்தார். பாரிஸ்டர், எழுத்தாளர். இவருடைய பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொழும்பில் இவரைச் சந்திப்போம்.

அந்த 1901 ஏப்ரலில் எட்வர்டின் மகன் ஜோர்ஜும் மருமகள் மேரியும் ஓஃபிர் என்ற கப்பலில் கொழும்புக்கு வந்து கண்டிக்குப் போனார்கள். ராணி காலமாகி மூன்று மாதங்கூட ஆகவில்லை, ஆகவே பயணம் முழுவதும் மேரிக்குத் துக்க உடைதான். பின்னாளில் ராணியாகிய இந்த மேரி தன் தொப்பியால் பெயர்பெற்றவர். விளிம்பில்லாமல், தலையோடு ஒட்டி, மேல்நோக்கி உயர்ந்த டோக் என்ற வகை அது. நாகரிகம் எத்தனை முறை மாறியும் அவர் சாகும்வரை அதை மாற்றவில்லை.

அவர்கள் வந்த நேரம் கண்டியில் இன்னொருவர் இருந்தார். எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போராடித் தோற்று, 1883 இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா. கண்டியில் இளவரசர் ஜோர்ஜைச் சந்தித்து, ஊருக்குத் திரும்ப அனுமதி பெற்றுத்தரும்படி கேட்டார். அந்த வருடமே அனுமதி கிடைத்து எகிப்துக்குப் போனார். பதினெட்டு வருடம் எம்மோடு வாழ்ந்த பாஷா எமக்கு விட்டுச்சென்றவை பல. சித்தி லெப்பை போன்றோரின் கல்வி முயற்சிகளுக்கு அவர் கொடுத்த ஊக்கம், 1892 இல் மருதானையில் தொடங்கிய ஸாஹிரா மத்ரஸாவோடு அவருக்கிருந்த தொடர்பு, இவை பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. இன்னொன்றையும் அவர் விட்டுச்சென்றார், அதுதான் துருக்கித் தொப்பி. அதுவரை எமது சோனக வர்த்தகர்கள் உயரமான வண்ணத் தொப்பிகளைப் போட்டார்கள். பாஷாவும் கூட வந்தோரும் அணிந்த சிவப்புத் தொப்பியும் கறுப்புக் குஞ்சமும் படித்த இளைஞர் தலைக்கு வந்தன. என் வாப்பாவின் வாப்பாவுடைய கல்யாணப் படத்திலும் அதுதான். படம் கறுப்பு வெள்ளை, ஆனால் சிவப்பென்று எல்லோருக்கும் தெரியும்.

துருக்கித் தொப்பிக்கு விளிம்பில்லை. அது தற்செயல் அல்ல. 1829 இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அதைத் தன் அதிகாரிகளின் தலைக்குச் சட்டமாக்கினார். ஸுஜூதில் நெற்றி நிலத்தில் பட வேண்டும், விளிம்பிருந்தால் தடுக்கும். ஆகவே விளிம்புள்ள தொப்பி பரங்கியரது, விளிம்பில்லாதது முஸ்லிமுடையது என்று ஒரு பிரிகோடு உலகம் முழுக்க விழுந்தது. சரியாகத் தொண்ணூற்றாறு வருடம் கழித்து, 1925 நவம்பரில் முஸ்தபா கமால் தன் தொப்பிச் சட்டத்தால் அதே துருக்கித் தொப்பியைத் தடைசெய்து, விளிம்புத் தொப்பியைத் துருக்கியர் தலையில் வைத்தார். ஒரு சுல்தான் போடு என்றார், ஒரு ஜனாதிபதி கழற்று என்றார். இரண்டு தரமும் தலைக்குரியவனைக் கேட்கவில்லை.

இந்தப் பின்னணியோடு 1905 மே 2 க்கு வருவோம். கொழும்பு உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு எழுந்து நின்றார். இலங்கை முஸ்லிம்களில் முதலாவது அத்வகாத்து அவர்தான். பிரதம நீதியரசர் லேயார்ட் தொப்பியைக் கழற்றச் சொன்னார். தொப்பி இருக்க வேண்டுமானால் சப்பாத்தைக் கழற்று, சப்பாத்து இருக்க வேண்டுமானால் தொப்பியைக் கழற்று என்பதுதான் நீதிமன்றத்தின் நியாயம். ஐரோப்பிய மரியாதையா கீழைத்தேய மரியாதையா, ஒன்றைத் தெரிவு செய் என்ற மாதிரி. அப்துல் காதர் இரண்டையும் செய்யவில்லை. வெளியே வந்துவிட்டார்.

அந்த நீதிமன்றம் யாருடைய பெயரில் நடந்தது? ஏழாம் எட்வர்டின் பெயரில். தாயின் அறையில் தலைப்பாகையோடு ஒரு முஸ்லிம் பதினான்கு வருடம் நின்றான், மகனின் பெயரால் நடக்கும் மன்றில் ஒரு முஸ்லிம் தொப்பியோடு பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் முதலானோர் துருக்கித் தொப்பிக் குழுவை அமைத்தார்கள். 1905 டிசம்பர் 31 அன்று மருதானைப் பள்ளிவாசல் வளவில் இலங்கையின் பல பாகங்களிலிருந்தும் பல்லாயிரம் முஸ்லிம்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் பேசுவதற்காகவே இந்தியாவிலிருந்து வந்தவர் மௌலவி ரபியுத்தீன் அஹ்மத், முன்ஷியின் நண்பர். ராணியின் சமூகத்தில் தலைப்பாகை எப்படி நின்றது என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், அவருடைய மகனின் நீதிமன்றம் தொப்பியை மறுத்ததைப் பற்றிப் பேச வந்ததைவிடப் பொருத்தம் வேறென்ன? இறுதியில் துருக்கித் தொப்பியோடு வாதாடும் உரிமை கிடைத்தது. இந்த நாட்டு முஸ்லிம்கள் ஒரு சமூகமாக எழுந்து நின்ற முதலாவது பெரிய அரசியல் கிளர்ச்சி ஒரு தொப்பிக்காக நடந்தது என்பதை எமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமா தெரியாது. என் பாடசாலையில் உயர்தர வகுப்பில் கேட்டேன். ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, அதுவும் பாட்டன் சொல்லித்தான்.

இனி 1954. பதவியிலிருக்கும் ஆங்கில முடியரசர் ஒருவர் இலங்கைக்கு வந்தது அதுவே முதல் தரம். கொத்திக் என்ற கப்பலில் ஏப்ரல் 10 ஆம் திகதி எலிசபெத் கொழும்பில் இறங்கினார். பிரதமர் சர் ஜோன் கொத்தலாவல. 12 ஆம் திகதி சுதந்திர சதுக்கத்தில் பாராளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடக்கிவைத்தபோது ராணி அணிந்திருந்தது முந்திய வருடம் முடிசூட்டில் அணிந்த அதே உடை. நோர்மன் ஹார்ட்னல் தைத்தது. அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சின்னம் பின்னப்பட்டிருந்தது. எமக்குத் தாமரை, பாகிஸ்தானுக்குக் கோதுமையும் பருத்தியும் சணலும். கொழும்பின் சித்திரை வெயிலில் அந்தக் கல்லும் மணியும் பதித்த பாரத்தை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. பொலன்னறுவை, நுவரெலியா, கண்டி என்று சுற்றிவிட்டு 21 ஆம் திகதி புறப்பட்டார்.

நுவரெலியாவில் அவரைப் பார்த்தவர் எங்கள் வாப்பும்மா. அப்போது கல்யாணமாகி ஒரு வருடம். தலவாக்கலை பஸாரில் வாப்பாவின் வாப்பா புடவைக்கடை வைத்திருந்தார். உறவினர் ஒருவரின் கடை மாடியிலிருந்து பெண்களுக்குப் பார்க்க இடம் கிடைத்தது. கார் போனது ஒரு நிமிடம்கூட இல்லை. ஐம்பது வருடம் கழித்தும் வாப்பும்மா அதையே சொல்வார்.

"தலய மூடித்தான் ஈந்தா, மக. கையிலயும் உறை. வெளியில தெரிஞ்சது முகம் மட்டுந்தான். நாங்க சிரிச்சிக்கிட்டோம், இவ எங்கட ஆளு போல எண்டு."

வாப்பும்மா பார்த்தது சரி. முகம் தெரிய வேண்டும் என்பதுதான் அந்தத் தொப்பிகளின் முதல் விதி. சாதாரண நாகரிகத் தொப்பியின் விளிம்பு முகத்துக்கு நிழல் கொடுக்கும். ராணியின் தொப்பிக்கு அது ஆகாது. வீதியோரம் மணிக்கணக்கில் காத்திருந்தவருக்கு முகத்தைப் பார்க்க வேண்டும், புகைப்படக்காரருக்கும் வேண்டும். ஆகவே விளிம்பு சிறிதாகவோ மேலே வளைந்தோ இருக்கும். கூட்டத்தில் தனித்துத் தெரிவதற்காகக் கண்ணைப் பறிக்கும் ஒற்றை நிறம். காற்றில் பறக்காமல் நீள ஊசியால் கொண்டையோடு குத்தப்பட்டிருக்கும். மரத்தால் செய்த தலை அச்சின் மேல் கம்பளிப் பதத்தையோ நாரையோ நீராவியில் இளக்கி இழுத்து வடிவமைப்பார்கள். கையால் செய்யும் வேலை. டென்மார்க்கிலிருந்து வந்த ஆகே தாரப், பிரெஞ்சுக்காரியான சிமோன் மிர்மன், அவுஸ்திரேலியாவில் பிறந்த பிரெடெரிக் பொக்ஸ் முதலானோர் எலிசபெத்துக்குத் தொப்பி செய்தவர்கள். பொக்ஸ் மட்டும் 350 க்கு மேல் செய்தார். 1977 வெள்ளிவிழாவுக்கு அவர் செய்த இளஞ்சிவப்புத் தொப்பியில் வருடத்துக்கு ஒன்றாக 25 மணிப்பூக்கள் தொங்கின. ஆங்கில ராணியின் தலைக்கு உடை தைத்த பலர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

அந்த 1954 இல் நுவரெலியாப் பாதையின் ஓரத்தில் நின்றவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்து மக்கள். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1949 இல் வாக்குரிமையும் போயிருந்தது. ராணி வருவதற்கு மூன்று மாதம் முன்னால், 1954 ஜனவரியில், நேருவும் கொத்தலாவலவும் தில்லியில் அவர்களைப் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். இராமநாதபுரத்துப் பக்கமிருந்து கடை வைக்க வந்த கரையோரச் சோனகரின் கதையும் அதேதான். இந்திய பாகிஸ்தானியருக்கான பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் வாப்பாவின் வாப்பா மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. மாடியிலிருந்து பார்த்த வாப்பும்மாவின் புருஷனுக்கும் பாதையோரம் நின்ற கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும், கையசைத்துக்கொண்டு போனவரின் நாட்டில் பிரஜாவுரிமை இல்லை.

தோட்டத்தில் தலை பற்றிய சட்டம் வேறு. துரை சோலாத் தொப்பியோடு மலையில் ஏறிவந்தால், எதிரே வரும் ஆள் தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கி, குடை விரித்திருந்தால் மடக்கி, ஓரமாக ஒதுங்க வேண்டும். மழையானாலும்தான். பெண்களுக்குக் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டுவதால், மடித்த துணி தலையில் இருந்தே ஆகும். மழைக்குக் கம்பளியை முக்காடாகப் போடுவார்கள். பாரம் சுமக்க மூடலாம், மரியாதைக்கு மூடக்கூடாது. துரைசாணியின் தொப்பிக்கோ மழையும் இல்லை பாரமும் இல்லை. தோட்டப் பாடசாலையில் என்னோடு படிப்பித்த ஓர் ஆசிரியர், தன் தாத்தா கடைசிவரை வீட்டுக்குள்ளேயே தலைப்பாகை கட்டிக்கொண்டிருப்பார் என்று சொன்னார். வெளியில் கட்ட முடியாததை உள்ளே கட்டினார் போல.

ராணி 1981 அக்டோபரில் மறுபடி வந்தார், சர்வசன வாக்குரிமையின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு. வாக்கிழந்த தோட்ட மக்கள் பலருக்கு அப்போதும் அது திரும்பி வந்திருக்கவில்லை.

முஸ்லிம் அரச மகளிரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. போபால் சமஸ்தானத்தை 1819 முதல் 1926 வரை அடுத்தடுத்து நான்கு பேகம்கள் ஆண்டார்கள். கடைசி பேகம் சுல்தான் ஜஹான். 1911 ஜூனில் லண்டனில் ஐந்தாம் ஜோர்ஜின் முடிசூட்டுக்கும், டிசம்பரில் தில்லி தர்பாருக்கும் போனார். தில்லியில் மன்னர்மார் ஒவ்வொருவராக வந்து வணங்கிப் போகிறார்கள். அவர்களுக்கு நடுவில், முகம் முழுக்க மூடிய புர்காவோடு ஓர் ஆட்சியாளர். புர்காவுக்கு மேல் கிரீடம் வைத்து அவர் எடுத்துக்கொண்ட படங்கள் உண்டு. முன்பு சொன்ன மேரி அந்தத் தர்பாரில் கிரீடத்தோடு சிம்மாசனத்தில் இருந்தார். ஒரே பந்தலில் இரண்டு கிரீடம், ஒன்றின் கீழ் முகம் தெரிகிறது, மற்றதன் கீழ் தெரியவில்லை. இரண்டையும் சபை ஏற்றுக்கொண்டது. பேகம் பெண் கல்விக்கு அள்ளிக் கொடுத்தவர், 1920 இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதலாவது வேந்தரானவர், பர்தாவை ஆதரித்துப் புத்தகம் எழுதியவர். முதுமையில், 1928 அளவில், தானாகவே முகத்திரையை விலக்கிப் பொதுக்கூட்டங்களுக்கு வந்தார். போட்டதும் அவர், எடுத்ததும் அவர்.

அதே 1928 இல் ஆப்கானிஸ்தான் ராணி ஸுரையா கணவர் அமானுல்லாவோடு ஐரோப்பா முழுவதும் சுற்றினார். பாரிஸ் நாகரிகத் தொப்பி, கையில்லாச் சட்டை. அந்தப் படங்கள் ஊருக்குள் கைமாறின. அமானுல்லாவோ திரும்பி வந்து, காபூல் ஆண்கள் ஐரோப்பியத் தொப்பி போட வேண்டும் என்று கட்டளையிட்டார். 1929 ஜனவரியில் ஆட்சி போனது. வரி, படை, கோத்திரப் பகை என்று காரணங்கள் பல. ஆனால் எதிரிகளின் கையில் ராணியின் தொப்பிப் படம் நல்ல ஆயுதமாகியது. ஸுரையாவை நான் குறைசொல்ல மாட்டேன். அவரே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர். புருஷன் மற்றவர் தலையில் கைவைத்ததற்கும் சேர்த்து அவருடைய தலை விலை கொடுத்தது.

எமது காலத்தில் மலேசியாவைப் பார்க்கலாம். 2006 இல் பேரரசியான திரங்கானு சுல்தானா நூர் ஸாஹிரா, துடுங் என்று மலாய்க்காரர் சொல்லும் முக்காட்டோடு அந்தப் பதவியில் இருந்த முதலாமவர். முக்காட்டின் மேல் அரச மகுடம் வைப்பது இன்று அங்கே வழக்கமாகிவிட்டது. எலிசபெத்தும் 2010 நவம்பரில் அபூதாபி ஷெய்க் ஸாயித் பள்ளிவாசலுக்குப் போனபோது சப்பாத்தைக் கழற்றி, போட்டிருந்த தொப்பியின் மேலேயே ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். லேயார்ட் அவர்கள் பார்த்திருக்க வேண்டும். தொப்பியும் இருந்தது, சப்பாத்தும் கழன்றது, யாருடைய கௌரவமும் குறையவில்லை.

மகளுடைய கேள்விக்கு நான் அன்று சொன்ன பதில், "அது அவங்கட துக்க வழக்கம், மக" என்பதுதான். இன்றைக்குக் கேட்டால் கூட ஒரு வார்த்தை சேர்ப்பேன். அவர்களுடைய தொப்பியை யாரும் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை, ஏனென்றால் அது அதிகாரத்தின் தலையில் இருக்கிறது. அதே வலை ஹட்டன் பஸ்ஸில் ஒரு மாமியின் முகத்தில் இருந்தால் கேள்வி வேறு. 2024 இல் திருகோணமலையில் 70 முஸ்லிம் மாணவிகளின் உயர்தரப் பெறுபேறுகள், காதை மறைத்துச் சால்வை போட்டார்கள் என்று கூறி நிறுத்திவைக்கப்பட்டன. பரீட்சையில் மோசடி நடக்கக்கூடாது என்பது ஆசிரியையான எனக்கும் தெரியும். காதில் கருவி இருக்கிறதா என்று ஒரு பெண் மேற்பார்வையாளர் தனியறையில் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். நானே ஒரு பரீட்சை மண்டபத்தில் கடமையிலிருந்தபோது, எல்லோருக்கும் முன்னால் ஸ்கார்பை விலக்கச் சொன்னதால் நடுங்கிப்போய், முதல் அரை மணித்தியாலம் பேனையைத் தொடாமலே இருந்த ஒரு பிள்ளையைப் பார்த்தேன். கணிதப் பாடம். நல்ல கெட்டிக்காரி என்று அவளுடைய ஆசிரியை பிறகு சொன்னார்.

1905 பற்றி எழுதப்பட்டவை எல்லாம் ஆண்களின் தலை பற்றியவை. அந்த மருதானைக் கூட்டத்துக்குப் போனவர்களின் வீட்டில் இருந்த பெண்கள் தலையை எதனால் மூடினார்கள், கல்யாணத்துக்கு எது, கபன் வீட்டுக்கு எது, ரயிலில் ஏறும்போது எது? என் உம்மா சாரி முந்தானையைத்தான் இழுத்துப் போடுவார், மலைநாட்டில் அதை முட்டாக்கு என்போம். அபாயா என் காலத்தில் வந்தது. வாப்பும்மாவின் பெட்டியில் ஓரத்தில் பூவேலை செய்த ஒரு வெள்ளைத் துணி இருந்தது. நுவரெலியாவுக்கு ராணியைப் பார்க்கப் போனபோது போட்டது என்பார். வாசகர்கள் வீட்டில் இப்படித் துணியோ பழைய படமோ இருந்தால், யாருடையது, எந்த ஊர், எந்த வருடம் என்று பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனையால் வேண்டாம், மை ஊறும். பிரதி ஒன்றை இந்தச் சஞ்சிகைக்கு அனுப்பினால் அடுத்த கட்டுரையை அதிலிருந்தே தொடங்கலாம்.